சக்கைப் பெட்டியின் அடி ஏன் தொய்கிறது?

கேள்வி: சமைத்த உணவைப் பெட்டியில் போட்டு அனுப்பும் சிறு தொழில் எங்களுடையது. பிளாஸ்டிக்கை விட்டுக் கரும்புச் சக்கைப் பெட்டிக்கு மாறினோம். சாறுள்ள உணவு வைத்தால் முக்கால் மணி நேரத்தில் அடி தொய்கிறது. சோளத்தில் செய்தது என்று வாங்கிய கண்ணாடி போன்ற மூடியும் சூட்டில் நெளிந்துவிட்டது. எதை மாற்றுவது?

பதில்: மூடியின் சிக்கல் எளிது. அது பி.எல்.ஏ.; சோள மாவுச்சத்துச் சர்க்கரையைப் புளிக்கவைத்து எடுத்த லாக்டிக் அமிலத்தில் செய்த பிளாஸ்டிக். 55–60 டிகிரி செல்சியஸிலேயே இளகும். வெயிலில் நின்ற வண்டிக்குள் காலி மூடிகூட நெளியும். குளிர்ந்த பண்டங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சூடானதற்குச் சக்கைக் கூழிலேயே செய்த மூடி போதும்.

பெட்டிக்கு எதிரி குழம்பைவிட ஆவிதான். நார்களைப் பிணைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளை நீர் தளர்த்திவிடுகிறது. கொதிக்கக் கொதிக்க மூடினால் ஆவி மூடியில் முத்துமுத்தாகக் கோத்து, விளிம்பு வழியே உள்ளே இறங்கும். சுவர் வழியாகவும் கொஞ்சம் ஆவி வெளியேறும். பெட்டியைக் குளிர்ந்த மேசையில் வைத்தால் அடியில் ஈர வட்டம் விழுவது அதனால்தான். பலரும் அதை ஓட்டை என்று நினைத்துக்கொள்கிறார்கள். நிரப்பியபின் ஐந்து நிமிடம் திறந்து வையுங்கள். மூடியில் ஆவி போக ஒரு துளை இருக்கட்டும். சுடச்சுட அடுக்கிக் கட்டாதீர்கள்.

அதற்குப் பிறகும் தொய்ந்தால் சரக்கில்தான் குறை. காலிப் பெட்டியை எடைபோட்டு, 95 டிகிரி வெந்நீர் ஊற்றி, காகிதக் கைக்குட்டை மேல் 30 நிமிடம் வையுங்கள். கொட்டித் துடைத்து மறுபடி எடைபோடுங்கள். காகிதம் நனைந்து எடையும் நன்றாகக் கூடியிருந்தால், கூழில் நீர்விலக்கி போதவில்லை, அல்லது செய்யும்போது கொடுத்த அழுத்தம் குறைவு. எண்ணெய்க்கு வேறொரு பெட்டியில் சூடான எண்ணெயை ஊற்றி இதேபோல் பாருங்கள்.

உள்ளே மெல்லிய படலம் ஒட்டிய பெட்டி இரண்டையும் தாங்கும், ஆனால் அது எந்தப் படலம்? ஒரு துண்டை வெந்நீரில் ஊறவைத்து, நாரை முழுக்கத் தேய்த்தெடுத்து, மிஞ்சும் படலத்தைக் காற்றுக் குமிழி ஒட்டாமல் நீருக்குள் அழுத்தி விடுங்கள். மேலே வந்தால் பாலித்தீன் அல்லது பாலிபுரொப்பிலீன். அந்தப் பெட்டி மக்காது. மூழ்கினால் பி.எல்.ஏ.வாக இருக்கலாம், உறுதி இல்லை. படலமே இல்லாமல் எண்ணெயை உருட்டிவிடும் பெட்டி மீதும் சந்தேகம் வேண்டும்: பி.எஃப்.ஏ.எஸ். எனப்படும், எளிதில் சிதையாத ஃபுளோரின் சேர்மங்கள் சேர்த்திருக்கலாம். மொத்த ஃபுளோரின் கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்குள் என்று காட்டும் ஆய்வக அறிக்கையைக் கேளுங்கள்.

‘மக்கும்’ என்ற அச்சை மட்டும் நம்பிப் பயனில்லை. மக்கும் பொதிகளுக்கான ஐரோப்பியத் தரமான ஈ.என். 13432 முத்திரை என்றால், தொழிற்சாலை உரக்கிடங்குச் சூழலில் 12 வாரத்தில் துண்டுதுண்டாகி, 6 மாதத்துக்குள் 90 சதவீதம் கரியமில வாயுவாக மாற வேண்டும். அங்கே சூடு 58 டிகிரியை ஒட்டி நிற்கும். வீட்டுக் குழியில் நிற்காது. ஆகவே பி.எல்.ஏ. மூடியை வீட்டுக் குழியில் போட்டால் அப்படியே கிடக்கும். பூச்சில்லாத சக்கைப் பெட்டியை உள்ளங்கை அளவுக்குக் கிழித்து, நனைத்து, காய்கறிக் கழிவோடு கலந்து போடுங்கள்; முழுசாகப் போட்டால் அடுக்கடுக்காக ஒட்டிக் காற்றுப் புகாமல் நிற்கும்.