தம்பிக்கு இசை நாடகம் சோறு போடுமா?

பிளஸ் டூ முடித்த தம்பி 'வள்ளி திருமணம்' நாடகத்தில் வேடம் கட்டத்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார், அப்பா பிழைப்புக்கு என்ன வழி என்கிறார் என்று ஒரத்தநாட்டிலிருந்து எழுதியிருந்தீர்கள். அப்பா கேட்பது நியாயம்தான்.

ஸ்பெஷல் நாடகம் என்று சொல்லும் இந்த இசை நாடகத்தில் மாதச் சம்பளம் கிடையாது. ராஜபார்ட் (கதாநாயகன்), ஸ்திரீபார்ட் (கதாநாயகி), பபூன் (கோமாளி), ஆர்மோனியம் வாசிப்பவர் என்று ஆளாளுக்குத் தனியாகப் பேசி, முன்பணம் கொடுத்து அழைப்பார்கள். ஒத்திகையும் இல்லை. வேலனும் வள்ளியும் தர்க்கத்தில் இறங்கிவிட்டால், எதிராளி எந்தப் பாட்டை எடுத்தாலும் சட்டென்று பதில் வர வேண்டும். திணறினால் பந்தலில் முதல் வரிசைப் பெரியவரே சிரித்துவிடுவார். அதனால் குரல் மட்டும் போதாது, பாடம் வேண்டும்.

முதலில் திருவையாறு அரசு இசைக் கல்லூரியில் வாய்ப்பாட்டு சேர்த்துவிடுங்கள். மாயவரத்தில் பிறந்த தியாகராஜ பாகவதரும் முறையாகச் சங்கீதம் படித்தவர்தான். நாடகத்தில் பெயரெடுத்து 1934இல் 'பவளக்கொடி' மூலம் சினிமாவுக்குப் போனார். அந்தப் பாதை இன்று இல்லை, தம்பி அதை நம்பி இறங்க வேண்டாம்.

அப்புறம், புதுக்கோட்டை நாடக நடிகர் சங்கத்தில் விசாரியுங்கள். உங்களுக்கு அதுதான் பக்கம். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவதையும் தள்ளிப்போட வேண்டாம்.

கோடையில் திருவிழா தொடர்ந்து வரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம் பக்கம் யார் பந்தல் போடுவார்கள்? அந்த மாதங்களுக்குப் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கலாம். கல்லூரிச் சான்றிதழ் அங்கேயும் உதவும். அப்பாவிடம் இதையே சொல்லிப் பாருங்கள்.