அப்பல்லோ படம் மாதிரி எங்கட கலியாண வீடியோவும் தெளிவா வருமோ?

கோண்டாவிலில இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறா. மகன் சந்திரனுக்குப் போன அப்பல்லோ 11 பற்றின டொக்கியுமெண்டரி பாத்தவராம், 1969 இல எடுத்த ஃபிலிம் நேற்று எடுத்த மாதிரி இருக்குதாம், அப்ப எங்கட வீட்டு வீடியோவையும் அப்பிடி ஆக்கலாம்தானே எண்டு கேட்டிருக்கிறார். வீட்டில இருக்கிறது அம்மா அப்பான்ர 1986 கலியாண வீடியோ கசற் ஒண்டு, கனடாவில இருந்து சித்தப்பா அனுப்பின கசற் ரெண்டு, லண்டன் பெரியப்பா 1974 இல ஊருக்கு வந்து நிண்டு எடுத்த சின்ன ஃபிலிம் றோல் ஒண்டு. ஒராள் வீட்டுக்கே வந்து பாத்திட்டு எல்லாத்தையும் ஏஐ போட்டு 4கே ஆக்கித் தாறன், கொழும்புக்குக் கொண்டுபோகோணும், 60,000 ரூபா, முழுக்க முன்காசு, கசற்றுகள் பேந்து தேவைப்படாது நாங்களே எறிஞ்சு விடுவம் எண்டு சொல்லியிருக்கிறார். கனடாக் கசற் ரெண்டும் பழுதாம், ரிப்பேருக்குக் காசு தனியாம். குடுக்கலாமோ அண்ணா எண்டு கேக்கிறா.

குடுக்காதேங்கோ தங்கச்சி. 60,000 பெரிய காசுதான், ஆனா காசு போனா திரும்பி உழைக்கலாம், அந்தக் கசற் போனா அது வேற எங்கயும் இல்லை. நான் பழைய கசற்றுகளைக் கொப்பி எடுத்துக் குடுக்கிற இந்த வேலையில இருபது வருசத்துக்கு மேல இருக்கிறன், என்னட்ட அழுதுகொண்டு வந்த ஆக்கள் காசு துலைச்ச ஆக்கள் இல்லை, கசற்றைக் குடுத்திட்டு ஒரு சீடியோட வந்து நிண்ட ஆக்கள்.

மகனுக்கு முதல்ல இதைச் சொல்லுங்கோ. அவர் பாத்த படம் 2019 இல வந்தது. ரொக்கெட் ஏவுதளத்துக்கு மெல்ல மெல்ல ஊர்ந்து போறது, கார் பார்க்கில நிண்டு அண்ணாந்து பாக்கிற சனம், அந்தக் காட்சியள் கனக்க 1969 இலயே 65 மில்லிமீற்றர் ஃபிலிமில எடுத்தது. சாதாரண சினிமா ஃபிலிம் 35 தான். அகலம் கூடக்கூட ஒவ்வொரு ஃபிரேமிலயும் கூட விசயம் பதியும், தூரத்தில நிக்கிறவரின்ர கண்ணாடியும் சட்டைக் கோடும் எல்லாம் அந்த ஃபிலிமில கிடந்திருக்கு. அப்பல்லோ பயணங்களின்ர அந்த மாதிரி றோல்கள் 165, அமெரிக்காவின்ர தேசிய ஆவணக் காப்பகத்தில, மேரிலண்டில, வருசக்கணக்கா ஒருத்தரும் தொடாமல் பத்திரமா இருந்தது. படம் எடுத்த ஆக்கள் கேட்டுத் தேடேக்க அங்க வேலை செய்தவைதான் கண்டெடுத்துக் குடுத்தவை, நியூயோர்க்குக்குக் கொண்டுபோய் நல்ல ஸ்கேனரில ஸ்கேன் பண்ணிப்போட்டு றோலைத் திருப்பிக் காப்பகத்திலயே வச்சவை. இதை வடிவாக் கவனியுங்கோ, ஸ்கேன் பண்ணிட்டம் எண்டு ஒருத்தரும் ஒரிஜினலை எறியேல்லை.

இப்ப அதே பயணத்தில ஆம்ஸ்ட்ரோங் ஏணியால இறங்கிறதைப் பாருங்கோ, ஆவி மாதிரி நிழலாத் தெரியும். எங்கட நேரத்துக்கு அது ஜூலை 21 காலமை எட்டரை கிட்ட, இலங்கையில அப்ப ரிவியே இல்லை, 1979 இலதான் வந்தது, எங்கட அப்பா ரேடியோவுக்குப் பக்கத்தில இருந்து கேட்டவராம். சரி, ஏன் அது மட்டும் நிழலாக் கிடக்கு? அது ஃபிலிம் இல்லை, ரிவி. சந்திரனில இருந்த கமெரா செக்கனுக்கு 10 படம், 320 கோடு எண்ட கணக்கில அனுப்பினது, வீட்டு ரிவிக்கு அது ஒத்துவராது, அதால அவுஸ்திரேலியாவிலயும் கலிபோர்னியாவிலயும் அந்தச் சிக்னலை ஒரு சின்னத் திரையில விழுத்தி, அந்தத் திரையை இன்னொரு ரிவி கமெராவால பிடிச்சு உலகத்துக்கு அனுப்பினவை. உலகம் பாத்தது கொப்பியைத்தான். திரையில விழுத்தாத முதல் சிக்னலை ரேப்பில பதிஞ்சு வச்சிருந்தவை. அந்த ரேப்புகளை நாசா பேந்து தேடினது, தேடித் தேடி 2009 இல சொன்ன முடிவு என்ன தெரியுமோ, ரேப் தட்டுப்பாடான காலத்தில அழிச்சு வேற வேலைக்குப் பாவிச்சிருக்கு எண்டு. பேந்து அங்க இங்க ரிவி நிலையங்களில கிடந்த கொப்பியளை எடுத்து, சினிமாப் படம் துப்பரவாக்கிற கொம்பனி ஒண்டைக் கொண்டு துப்பரவாக்கினவை. புள்ளி குறைஞ்சது, வெளிச்சம் சீராச்சு. ஆனா அந்தக் கொப்பியில இல்லாத விசயத்தை நாசாவாலயே கொண்டுவர ஏலேல்லை. உங்கட வாசலுக்கு வந்தவர் கொண்டுவருவாரோ?

உங்கட கலியாணக் கசற் இந்த ரெண்டாவது ரகம். விஎச்எஸ் ரேப்பில படம் எண்டு ஒண்டும் இல்லை, காந்தப் பதிவுதான், அதிலயும் குறைஞ்ச அளவு விசயம்தான் பதிஞ்சிருக்கும். நல்ல டெக்கில, அதாவது கசற் ஓட்டுற மெசினில, போட்டு ஒழுங்கா எடுத்தா, 86 இல வீட்டில ரிவியில பாத்த அளவுக்கு வரும், நிறத்தைக் கொஞ்சம் சரிப்படுத்தலாம், இரைச்சலைக் குறைக்கலாம். 4கே எண்டு எழுதின ஃபைல் தருவினம், ஓம், ஃபைல் பெரிசா இருக்கும், படம் பெருக்காது. ஏஐ போட்டா முகம் தெளிவாத் தெரியுதே எண்டு காட்டுவினம். அது உங்கட அம்மம்மான்ர முகம் இல்லை தங்கச்சி. மங்கலான இடத்தில எங்கயோ படிச்ச ஆயிரம் முகத்தில இருந்து ஒரு கண்ணையும் மூக்கையும் கீறி வச்சிருக்கும். நான் ஒரு வீட்டின்ர வீடியோ பாத்தன், தாலி கட்டேக்க பக்கத்தில நிண்ட மனுசிக்குக் கன்னத்தில இருந்த மறு காணாமல் போய், பல்லு வரிசையா வந்து, பிள்ளையளே இது ஆர் எண்டு கேட்டினம். செத்துப்போன மனுசின்ர ஓடுற படம் உலகத்தில அது ஒண்டுதான். ஏஐ விளையாட்டை வேற கொப்பியில விளையாடுங்கோ, முதல்ல உள்ளதை உள்ளபடி எடுங்கோ.

இனிக் கனடாக் கசற். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போறன், ஏனெண்டா யாழ்ப்பாணத்தில இதால ஏமாந்த அளவுக்கு வேற ஒண்டாலயும் சனம் ஏமாறேல்லை. கனடா, அமெரிக்காவில ரிவி முறை என்ரிஎஸ்சி (NTSC), எங்கட நாட்டில பால் (PAL) எண்ட முறை, லண்டன் ஜேர்மனியிலயும் பால்தான். கசற் பாக்க ஒரே மாதிரி இருக்கும், டெக்குக்குள்ளயும் போகும், ஆனா பால் டெக் அதை விளங்கிக்கொள்ளாது, படம் மேல கீழ ஓடும், கறுப்பு வெள்ளையாத் தெரியும், சத்தம் கூட ஒழுங்கா வராது. உடன சொல்லுவினம் கசற் பழுது, உள்ளுக்கு ரேப் பழுதாப் போச்சு, ரிப்பேர் செய்யோணும் எண்டு. பழுது ஒண்டும் இல்லை! என்ரிஎஸ்சியும் ஓடுற டெக்கில போட்டா நல்லா ஓடும். கசற்றின்ர முகப்பைப் பாருங்கோ, ரி-120 (T-120) எண்டு ரி எழுத்தில துடங்கினா அது அனேகமா அந்த நாட்டுக் கசற், இ-180 (E-180) எண்டு இ எழுத்தில துடங்கினா எங்கட பக்கத்துக் கசற். அனேகமா எண்டுதான் சொல்லுறன், ஏனெண்டா கனடாவில வாங்கின வெறுங் கசற்றை ஆரும் ஊருக்குக் கொண்டுவந்து இஞ்சத்தை டெக்கில பதிஞ்சா வெளியில ரி, உள்ளுக்குப் பால். அதுக்கும் மேல, ஊரில எடுத்த கலியாணத்தை கனடாவுக்கு அனுப்பி, அங்க முறை மாத்திக் கொப்பி அடிச்சு, அந்தக் கொப்பி திருப்பி ஊருக்கு வந்ததும் நடந்திருக்கு, அப்பிடியெண்டா உங்கட கையில இருக்கிறது கொப்பின்ர கொப்பி, நல்ல கசற் ரொறொன்ரோவில ஆற்றயோ பேஸ்மெண்டில கிடக்கும். சித்தப்பாவுக்கு ஒரு கோல் எடுத்துக் கேளுங்கோ. ரிப்பேர் காசு குடுக்க முதல் அந்தக் கோல்.

பெரியப்பான்ர றோல்தான் உங்கட வீட்டு அப்பல்லோ. அது சூப்பர் 8 எண்ட 8 மில்லிமீற்றர் வீட்டு ஃபிலிமா இருக்கும், 15 மீற்றர் றோல் எண்டா மூண்டு நிமிசத்துக்குக் கொஞ்சம் கூட ஓடும், அவ்வளவுதான். ஆனா அது ஃபிலிம், வெளிச்சத்துக்குப் பிடிச்சா படம் கண்ணால தெரியும், கலியாணக் கசற்றைவிட அதில விசயம் கூட. ஆற்றயும் பழைய புரொஜெக்டரில மட்டும் ஓட்டிப் பாக்காதேங்கோ, அம்பது வருசத்தில காய்ஞ்சு சுருங்கியிருக்கும், ஓரத்து ஓட்டையள் கிழியும். சுவரில ஓட்டி ஃபோனால எடுத்துத் தாறம் எண்டு சொல்லுவினம், அது சந்திரனில இருந்து வந்த படத்தைத் திரையில விழுத்திப் பிடிச்ச அதே கதை. ஃபிரேம் ஃபிரேமா ஸ்கேன் பண்ணுற ஆளிட்டத்தான் குடுக்கோணும்.

ஆரிட்டக் குடுத்தாலும் ஒரு கடுதாசியில எழுதி வாங்குங்கோ, எத்தினை கசற், என்ன அடையாளம், எப்ப திரும்பி வரும் எண்டு. ஒவ்வொண்டையும் ஃபோனில படம் எடுத்து வையுங்கோ. நானும் துடக்கத்தில ஒரு வீட்டுக்காரரின்ர கசற்றை நம்பிக்கையான ஆள் எண்டு கொழும்புக்காரர் ஒருத்தரிட்டக் குடுத்து, அவர் இன்னொராளிட்டக் குடுத்து, கடைசியில டிவிடி மட்டும் வந்தது, கசற் எங்கயெண்டு இண்டைக்கும் தெரியாது, அந்த ஐயாவை நல்லூரில காணுற நேரமெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும். கைமாறக் கைமாறப் பொறுப்பு இல்லாமல் போகும். ஒரு கசற்றை மட்டும் முதல்ல குடுங்கோ, அரைவாசிக் காசுக்கு மேல முன்னுக்குக் குடுக்காதேங்கோ, கனக்க அமுக்காத ஃபைலைக் கேளுங்கோ. ஒரு மணித்தியாலம் 10 ஜிபிக்கு மேல வரும். ஒரு ஜிபியில சுருட்டித் தந்தா அது பாக்கிறதுக்கு, வைக்கிறதுக்கு இல்லை. டிவிடியை நம்பி வையாதேங்கோ.

இதெல்லாம் ஏன் ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாப் படவேணும் எண்டுதான் எனக்கு விளங்கேல்லை. 1981 இல யாழ்ப்பாண நூலகம் எரிஞ்சு 97,000 கிட்டப் புத்தகம் சாம்பலான ஊர் இது. பழைய புத்தகம் பத்திரிகைக்காவது நூலகம் நிறுவனம் 2005 இல இருந்து இணையத்தில ஏத்திக்கொண்டு இருக்கினம், கசற்றுக்கும் றோலுக்கும் ஆர் இருக்கினம்? 95 இடப்பெயர்வில தலையில சாக்கு, கையில பிள்ளை, அதுக்குள்ள கலியாணக் கசற்றையும் சுத்தி எடுத்துக்கொண்டு போன சனம். ஒரு ஏசி அறை, ரெண்டு நல்ல டெக், ஒரு ஸ்கேனர், அதைச் செய்யத் தெரிஞ்ச ரெண்டு பெடியள், இவ்வளவும் போட்டா போதும் எண்டு ஒரு அலுவலகத்துக்கு மூண்டு முறை எழுதினனான். ஒருக்கா நிதி இல்லை எண்டினம், ஒருக்கா இது எங்கட விசயம் இல்லை எண்டினம், மூண்டாந்தரம் பதிலே இல்லை. விஎச்எஸ் டெக் செய்த கடைசிக் கொம்பனியும் 2016 இல நிப்பாட்டிப் போட்டுது. இனிப் புது டெக் வராது, இருக்கிறதும் ஒண்டொண்டாச் சாகுது, இவை இன்னும் கூட்டம் வைப்பினம்.

நீங்கள் இந்தக் கிழமை செய்யவேண்டியது இதுதான். கசற்றுகளை அலுமாரிக்கு மேல ஓட்டுச் சூட்டில இருந்து இறக்குங்கோ, ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில வையாதேங்கோ, புத்தகம் மாதிரி நிமித்தி வையுங்கோ. கண்ணாடி வழியா உள்ளுக்குப் பாருங்கோ, ரேப்பின்ர ஓரத்தில வெள்ளையா மா பூசின மாதிரி இருந்தா அது பூஞ்சணம், மாரி ஈரத்தில வாறது, அதை ஒரு டெக்கிலயும் போடக்கூடாது, துப்பரவாக்கத் தெரிஞ்ச ஆள் வேணும். முதுகுப் பக்கம் இடது மூலையில ஒரு சின்னப் பிளாஸ்ரிக் துண்டு இருக்கும், மகனைக் கொண்டு அதை முறிச்சு விடுங்கோ, பேந்து தவறியும் அதுக்கு மேல ஒண்டும் பதிய ஏலாது. றோல் பெட்டியைத் திறந்து மணந்து பாத்திட்டு எனக்கு எழுதுங்கோ. புளிச்ச வினாகிரி மணம் அடிச்சா மற்றதெல்லாம் நிக்கட்டும், அதுதான் முதல்ல ஸ்கேனுக்குப் போகோணும்.