சின்னம்மையோடு செங்கோட்டை போகலாமா?

போகாதீங்க. கொப்புளம் இன்னும் காயவில்லை, அம்மாவின் பிரஷர் மாத்திரை நாளையோடு தீர்கிறது, ரேஷனும் வாங்கவில்லை, முகத்தை மூடிக்கொண்டு புளியரையிலிருந்து செங்கோட்டை போய் வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். துணி மாஸ்க் இதற்குப் போதாது, சின்னம்மை தொட்டால் மட்டுமல்ல, காற்றிலும் பரவும். புனலூரிலிருந்து வரும் பஸ்ஸில் நெரிசலில் உங்கள் பக்கத்தில் நிற்பவர் கர்ப்பிணியாக இருந்தால் அவருக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் ஆபத்து, இரண்டாம் மூன்றாம் மாதமென்றால் பார்த்துத் தெரியவும் செய்யாது. கொப்புளம் எல்லாம் பொருக்குத் தட்டும் வரை பரவும், பெரும்பாலும் 5 முதல் 7 நாள்.

ரேஷனை விடுங்கள், மாதக் கடைசிக்குள் வாங்கிக்கொள்ளலாம்.

மாத்திரையைத்தான் தள்ளிப்போடக் கூடாது. சீட்டைப் போட்டோ எடுத்து மருந்துக்கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, பக்கத்து வீட்டில் ஏற்கெனவே அம்மை வந்து போனவர் யாராவது இருந்தால் அவரிடம் சொல்லுங்கள், வாங்கி வாசலில் வைத்துவிட்டுப் போகட்டும். அப்புறம் முக்கியமாக, அம்மாவுக்கு முன்பு அம்மை வந்திருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் இன்றே டாக்டரிடம் போனில் பேசிவிடுங்கள். காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் வேண்டாம், பாராசிட்டமால் போதும். மூச்சு வாங்கினால் மட்டும் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள், அம்மை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.