முடி கொட்டுது டாக்டர்! ஹார்மோன் மாத்திரை பற்றிச் சில கேள்விகள்

கே: வயது 31, நெற்றி ஏறிக்கொண்டே போகிறது. அப்பாவின் புரோஸ்டேட் மாத்திரையை (ஃபினாஸ்டரைடு 5 மி.கி.) நாலாக உடைத்துச் சாப்பிடலாமா? (பட்டர்வொர்த்)

ப: மருந்து அதேதான், முடிக்கு அளவு 1 மி.கி. அமெரிக்காவில் 1997லேயே இதற்கு அனுமதி கிடைத்துவிட்டது. பரம்பரை வழுக்கையில் முடியின் வேரை மெலிய வைப்பது டி.எச்.டி. என்கிற ஹார்மோன், ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் அதுவாக மாறுவதை இந்த மாத்திரை தடுக்கிறது, ரத்தத்தில் டி.எச்.டி. சுமார் 70 சதவீதம் இறங்கும். ஆனால் சமையல் கத்தியால் மாத்திரையை நறுக்கினால் தூள் மேசையில் சிந்தும், அதைத் துடைப்பது யார்? வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்தத் தூளைத் தொடவே கூடாது, வயிற்றில் ஆண் குழந்தை என்றால் பிறப்புறுப்பு வளர்ச்சி பாதிக்கப்படலாம். முழு மாத்திரைக்கு மேல்பூச்சு உண்டு, அதில் அந்தப் பயமில்லை. சிலருக்குத் தாம்பத்திய ஆசை குறையும், மனச்சோர்வும் வரலாம், அப்படி வந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும், நிறுத்தினால் வந்த முடி ஒரு வருஷத்துக்குள் போய்விடும். அப்புறம் ஒன்று, புரோஸ்டேட் புற்றுநோய் சந்தேகத்துக்கு ரத்தத்தில் பார்க்கும் பி.எஸ்.ஏ. அளவை இது பாதியாகக் காட்டும், பிற்பாடு புரோஸ்டேட் சோதனைக்குப் போனால் இந்த மாத்திரை சாப்பிடுவதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அப்பாவின் மாத்திரையை அப்பாவுக்கே விட்டுவிட்டு, கிளினிக்கில் உங்கள் பெயருக்கு எழுதி வாங்குங்கள்.

கே: பிள்ளை பெற்று நாலு மாதம், சீப்பில் கொத்துக் கொத்தாக வருகிறது. ஹார்மோன் மாத்திரை வேண்டுமா? (ஆயர் ஈத்தாம்)

ப: வேண்டவே வேண்டாம்மா. கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன் ஏறியிருந்ததால் உதிராமல் நின்ற முடிதான் இப்போது மொத்தமாக உதிர்கிறது. குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள் பெரும்பாலும் சரியாகிவிடும். அதற்கு மேலும் கொட்டினால் தைராய்டும் இரும்புச்சத்தும் பார்க்கலாம்.

கே: எனக்கு பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை), உச்சந்தலை தெரிகிறது. தோழி ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடுகிறாள், நானும் சாப்பிடலாமா? (பிரிக்ஃபீல்ட்ஸ்)

ப: உங்களுக்கும் உதவலாம், ஆண் ஹார்மோனின் வேலையைத் தடுக்கிற மருந்துதான் அது. ஆனால் கருத்தடை இல்லாமல் எடுக்கக் கூடாது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தாக ஏறும், அதனால் தோழியின் மாத்திரையைக் கடன் வாங்காதீர்கள்.

கே: தைப்பூசத்துக்கு மொட்டை போட்டால் அடர்த்தியாக வளருமா? (பினாங்கு)

ப: தண்ணீர்மலை முருகன் கோயிலில் நேர்த்திக்கடன் இருந்தால் தாராளமாகப் போடுங்கள். கத்தி வேர் வரை போகாது, அதனால் வளர்வது பழைய முடிதான், நுனி மழுங்கி வெட்டுப்பட்டிருப்பதால் கொஞ்ச நாள் தடிப்பாகத் தெரியும்.