மக்கும் பை கடைக்குள்ளேயே மக்கினால் யார் பொறுப்பு?

கேள்வி: பாம்பனில் சாலையோரம் கருவாட்டுக் கடை வைத்திருக்கிறேன். நானும் மனைவியும்தான் கடையைப் பார்க்கிறோம். ‘மக்கும் பை’ என்று சொல்லி ஒரு வியாபாரி இரண்டு மடங்கு விலைக்கு ஒரு மூட்டை கொடுத்தார். சில மாதத்திலேயே, கட்டைப் பிரித்தால் பை கையோடு கிழிந்து வருகிறது. கேட்டால், “மக்கும் பைன்னா மக்கத்தாண்ணே செய்யும்” என்கிறார். பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: தாராளமாகக் கேட்கலாம். அவர் சொல்வதில் பாதி உண்மை. அந்தப் பாதியை விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

இந்தப் பெயரில் இரண்டு வகைப் பைகள் வருகின்றன. ஒன்று, வழக்கமான பாலித்தீனில் ஒரு ரசாயனம் சேர்த்தது. வெயிலும் சூடும் பட்டால் பொடிப்பொடியாக உடையும். உடைந்த துணுக்கும் பிளாஸ்டிக்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2021 முதல் இதற்குத் தடை விதித்திருக்கிறது. இன்னொன்று, மாவுச்சத்தும் மக்கக்கூடிய பாலியெஸ்டரும் கலந்த நிஜமான மக்கும் பை. ஈரம் பட்டால் இதன் இழைக்குள் இருக்கும் பிணைப்புகள் மெல்ல அறுபடும். சூடு ஏற ஏற வேகமும் ஏறும். கடற்காற்றடிக்கும் ஊரில் தகரக் கூரைக்குக் கீழே மூட்டையாகக் கிடந்தால் கேட்கவா வேண்டும்? அதனால்தான் இந்தப் பைக்குத் தயாரித்த தேதியும், எப்படி வைக்க வேண்டும் என்ற குறிப்பும் அவசியம். ஓரிரு மாதத் தேவைக்கு மட்டும் வாங்கி, காய்ந்த, நிழலான இடத்தில் வையுங்கள்.

நிஜமான பை என்றால் தயாரிப்பாளர் பெயர், ஐஎஸ் 17088 என்ற தர எண், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் எண் எல்லாம் அச்சாகியிருக்கும். வெறும் பச்சை இலைப் படத்தை நம்பாதீர்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை இருக்கிறது. சோதனைக்கு வந்தால் அபராதம் உங்கள் தலையில்தான் விழும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். அந்தத் தர எண்ணுக்கான சோதனை சுமார் 58 டிகிரி சூட்டில் நடக்கிறது. 180 நாளுக்குள் பையின் கார்பனில் 90 சதவீதம் கரியமில வாயுவாக மாற வேண்டும். அது உரக்கிடங்கின் சூடு. தனுஷ்கோடி மணலிலோ மன்னார் வளைகுடாவிலோ அது கிடையாது. இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகம் 2019இல் வெளியிட்ட ஆய்வில், மக்கும் பை ஒன்று கடல்நீரில் 3 மாதத்தில் காணாமல் போனது. அதே வகைப் பை மண்ணில் 27 மாதம் கழித்தும் கிடந்தது. ‘மக்கும்’ என்று விற்ற வேறொரு வகைப் பையில் 3 ஆண்டுக்குப் பிறகும் சாமான் தூக்க முடிந்தது. ஆகவே எங்கே, எத்தனை நாளில் மக்கும் என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். என்னைக் கேட்டால், கருவாட்டுக்கு நம் பனை ஓலைக் கொட்டானே போதும்.

சரி, பணத்துக்கு வருவோம். கடைக்காக வாங்கியதால் நீங்கள் நுகர்வோர் இல்லை என்று அவர் வாதாடலாம். ஆனால் சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்தப் பொருள் வாங்கியவரும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர்தான். ரசீதையும் கிழிந்த கட்டையும் பத்திரமாக வைத்து, முதலில் அவருக்கு எழுத்தில் கேளுங்கள். அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள். அப்புறம் இருக்கவே இருக்கிறது ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, 2 ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். பசுமை என்று ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்வதற்கு எதிராக 2024 அக்டோபரில் மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. மனுவில் அதையும் குறிப்பிடுங்கள்.

கேள்வி: தொண்டியில் நண்டுக்குக் கூடு போடுகிறோம். கடலில் தானே மக்கும் வலை வாங்கலாமா?

பதில்: தென்கொரியாவில் அப்படிப்பட்ட வலையை அரசு மானியத்தோடு கொடுக்கிறார்கள். நைலானைவிட விலை அதிகம். உங்களுக்கு அதைவிட மலிவான வழி இருக்கிறது. கூட்டின் ஒரு பக்கத்தில் வாசல் வெட்டி, அதைப் பருத்தி நூலால் மட்டும் கட்டுங்கள். கூடு தொலைந்தால் நூல் இற்றுப்போய் வாசல் திறக்கும். உள்ளே மாட்டிய நண்டு வெளியேறிவிடும். கூடு தூக்கும்போதெல்லாம் நூலை இழுத்துப் பார்த்து, தளர்ந்திருந்தால் மாற்றிக் கட்டுங்கள்.