ராணி ஜோடியும் ஏழாயிரம் சிப்பும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற வாரம் ஒரு போக்கர் டோர்னமெண்டில் ஆடிய ஒரு கையைப் பற்றி இன்னும் மனம் ஆறவில்லை. ஒன்பது பேர் அமர்ந்த மேசை. சீட்டு பிரிக்கும் முன்பே இருவர் கட்டாயமாகக் கட்டும் பிளைண்ட் 500, 1,000. பெரிய பிளைண்டில் இருப்பவர் அதற்கு மேல் எல்லோருக்காகவும் கட்டும் ஆன்ட்டி 1,000. என்னிடம் 28,000 சிப்புகள் இருந்தன. முதலில் பேச வேண்டிய இடத்தில் இருந்தவர், என்னைவிடச் சற்று அதிகமாகச் சிப்பு வைத்திருந்தவர், ஒரு மணி நேரமாகச் சீட்டுகளைக் கவிழ்த்து விலகிக்கொண்டே இருந்தவர், திடீரென்று தொகையை உயர்த்தி 7,000 என்று ரெய்ஸ் செய்தார். அந்த மேசையில் மற்றவர்கள் 2,200, 2,500 என்றுதான் ரெய்ஸ் செய்துகொண்டிருந்தார்கள். பொதுச் சீட்டுகள் விழுந்த பின் கடைசியாகப் பேசும் இடமான பட்டனில் இருந்த எனக்கு ராணி ஜோடி. சிப்பு முழுவதையும் தள்ளி ஆல்-இன் போகப் பயம், கவிழ்க்க மனமில்லை. ஆகவே அதே 7,000-ஐக் கட்டிக் கால் செய்தேன். மற்றவர்கள் விலகிவிட்டார்கள். ஃப்ளாப்பில், அதாவது மேசையில் விரியும் முதல் மூன்று பொதுச் சீட்டுகளில், ராஜா, எட்டு, மூன்று; எல்லாம் வெவ்வேறு சின்னம். அவர் 12,000 கட்டினார், நான் கவிழ்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே ஜாக்கி ஜோடியைக் காட்டினார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? அதே இடத்தில் ஏஸ்-ராஜாவோ ஜாக்கி ஜோடியோ வந்திருந்தால்? ராஜா ஜோடியைக்கூடக் கவிழ்க்கும் சூழல் உண்டா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அவர் ஜாக்கி ஜோடியைக் காட்டியதை முதலில் மறந்துவிடுங்கள். அதே ரெய்ஸை அவர் ஏஸ் ஜோடியோடு செய்திருந்தால், 'நல்லவேளை, தப்பித்தேன்' என்று நினைத்திருப்பீர்கள், இந்தக் கடிதத்தையும் எழுதியிருக்க மாட்டீர்கள். ஆனால் உங்கள் ஆட்டத்தின் தரம் இரண்டு நிலையிலும் ஒன்றுதான். உங்கள் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. அவற்றில் இரண்டை என்னால் நியாயப்படுத்த முடியும். நீங்கள் தேர்ந்தெடுத்த மூன்றாவதைத்தான் முடியவில்லை.

கணக்கைப் பார்ப்போம். நீங்கள் 28,000-ஐயும் தள்ளி, அவரும் ஏற்றுக்கொண்டால், பிளைண்டும் ஆன்ட்டியும் சேர்த்து பாட்டில், அதாவது நடுவில் குவியும் மொத்தத் தொகையில், 58,500 இருக்கும். கவிழ்த்திருந்தால் 28,000 உங்களிடமே இருந்திருக்கும் என்பதால், அவர் எப்போதும் ஏற்றுக்கொள்வார் என்று வைத்துக்கொண்டாலும், நூற்றுக்கு 48 முறை நீங்கள் வென்றால் போதும், நட்டமில்லை. இனி அவர் கையில் என்னென்ன இருக்கலாம் என்று எண்ணுவோம். ஏஸ் ஜோடி 6 விதங்களில் அமையும், ராஜா ஜோடி 6 விதங்களில், ஏஸ்-ராஜா 16 விதங்களில். இந்த 28 மட்டும்தான் என்றால், உங்கள் ராணிகள் சுமார் 40 சதவீதம்தான் வெல்லும், கவிழ்ப்பதே சரி. ஜாக்கி ஜோடியின் 6 விதங்களையும் சேர்த்தால் அது 47 ஆகிறது, ஏறத்தாழ எல்லைக்கோடு. பத்து ஜோடியையும் சேர்த்தால் 52-ஐத் தாண்டிவிடுகிறது. அவர் சில முறை பயந்து விலகவும் கூடும் என்றால், அந்த ஒவ்வொரு முறையும் 9,500 சிப்புகள் சண்டையின்றியே உங்களுக்கு வந்து சேரும்.

ஆக, கேள்வி உங்கள் ராணிகளைப் பற்றியதே அல்ல. வழக்கமான ரெய்ஸைப்போல் மூன்று மடங்கு கட்டும் இந்த மனிதர் ஜாக்கியையும் பத்தையும் வைத்துக்கொண்டு அப்படிச் செய்யக்கூடியவரா என்பதுதான் கேள்வி. என் அனுபவத்தில், பொறுமையாக உட்கார்ந்திருந்துவிட்டுத் திடீரென்று பெரிய தொகையைத் தள்ளுகிறவர்களிடம் பெரும்பாலும் இருப்பது, ஃப்ளாப்பைப் பார்க்க அவர்களே விரும்பாத கைதான்: ஜாக்கி, பத்து, சில சமயம் ஏஸ்-ராஜா. ஏஸ் ஜோடி கிடைத்தவருக்கு யாராவது உள்ளே வரவேண்டும் என்ற ஆசை இருக்கும்; எல்லோரையும் விரட்டிவிடும் விலையை அவர் அவ்வளவு எளிதில் சொல்வதில்லை. இது விதியல்ல, ஏஸ் ஜோடியோடு பெரிதாகக் கட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனாலும் ஒரு மணி நேரம் அவரைக் கவனித்த உங்களுக்கு இதற்கு முரணாக ஏதும் தெரியாவிட்டால், நான் ஆல்-இன் போயிருப்பேன்.

இனி உங்கள் காலுக்கு வருகிறேன். ஏழாயிரம் கொடுத்த பிறகு உங்களிடம் மிஞ்சியது 21,000, பாட்டில் 16,500. அதாவது ஃப்ளாப் விழுந்ததும் ஒரே ஒரு கட்டில் எல்லாம் முடிந்துவிடக்கூடிய நிலை. ராணி ஜோடி வைத்திருப்பவருக்கு ஃப்ளாப்பில் ஏஸோ ராஜாவோ குறைந்தது ஒன்றாவது வருவதற்கான வாய்ப்பு 41 சதவீதம். அது வரும்போது, ஜாக்கி ஜோடிக்காரரிடம்கூட நீங்கள் பாட்டை இழந்துவிடுகிறீர்கள், அதுதான் நடந்தது. அது வராமல் ஒன்பது, ஆறு, இரண்டு என்று விழும்போதோ, ஏஸ் ஜோடிக்காரரிடம் மிச்சமிருக்கும் அத்தனையையும் கொடுத்துவிடுகிறீர்கள். முந்திக்கொண்டு தள்ளியிருந்தால், ஐந்து சீட்டுகளும் விழும்வரை யாரும் உங்களை அந்தக் கையிலிருந்து வெளியேற்ற முடியாது. 'ஃப்ளாப்பைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்' என்பது எச்சரிக்கைபோலத் தோன்றும். நானும் பல காலம் அதைச் செய்து, அந்த எச்சரிக்கைக்குத் தவறாமல் விலை கொடுத்தவன்தான்.

ராஜா விழுந்த பிறகு நீங்கள் கவிழ்த்ததை நான் குறைசொல்ல மாட்டேன். ஒரு ராஜா மேசையில் கிடப்பதால் அப்போது உங்களை மிஞ்சியிருக்கும் கைகள் 21, உங்களுக்குக் கீழே இருப்பவை 12. மிச்சத்தையும் கட்டித் தொடர, நூற்றுக்கு 36 முறை வெல்ல வேண்டும். அவர் எல்லாக் கைகளோடும் 12,000 கட்டுவார் என்றால் அதைவிடச் சற்று அதிகமாகவே வெல்வீர்கள், ஜாக்கியோடு சில முறை பேசாமல் இருப்பார் என்றால் மாட்டீர்கள். அங்கே இரண்டும் ஒன்றுதான்.

நூறு, இருநூறு பெரிய பிளைண்டு அளவுக்குச் சிப்பு வைத்திருக்கும் தொடக்கச் சுற்றுகளில் இதெல்லாம் மாறிவிடும். அங்கே அதே ராணி ஜோடியோடு, கடைசியில் பேசும் இடத்திலிருந்து கால் செய்வது நல்ல ஆட்டம். ஃப்ளாப் மோசமாக விழுந்தால் இழப்பது சிறு பகுதி, மூன்றாவது ராணி விழுந்தால் கிடைப்பது மிகப் பெரிது. அது ஏறத்தாழ எட்டரை முறைக்கு ஒரு முறை விழும்.

ஏஸ்-ராஜாவுக்கு ஒரு தனிச் சலுகை உண்டு. உங்கள் கையில் ஓர் ஏஸும் ஒரு ராஜாவும் இருப்பதாலேயே, எதிராளியிடம் ஏஸ் ஜோடி இருக்கக்கூடிய விதங்கள் ஆறிலிருந்து மூன்றாகவும், ராஜா ஜோடிக்கு ஆறிலிருந்து மூன்றாகவும் குறைந்துவிடுகின்றன. ஆனால் ஃப்ளாப்பில் அது மூன்றில் ஒரு முறைதான் ஜோடி சேரும் என்பதால், குறைந்த சிப்போடு கால் செய்துவிட்டுக் காத்திருப்பதற்கு ராணிகளைவிடவும் மோசமான கை அது. எதிராளி விலகக்கூடும் என்ற நிலையில் தள்ளுவதற்கே ஏற்றது. ஜாக்கி ஜோடியை உங்கள் இடத்தில் நான் கவிழ்த்திருப்பேன். ஏஸ்-ராணியை யோசிக்காமலே கவிழ்த்திருப்பேன். ஏஸ்-ராஜாவுக்கு எதிராக அது நான்கில் ஒரு முறைதான் வெல்லும். ஒருவர் ரெய்ஸ் செய்ய வேண்டிய கையைவிட, அந்த ரெய்ஸை ஏற்க வேண்டிய கை உயர்ந்ததாக இருக்கவேண்டும் என்று போக்கர் நூலாசிரியர் டேவிட் ஸ்க்லான்ஸ்கி சொன்ன 'இடைவெளி'க் கருத்து, பெரிய ரெய்ஸுக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

மேலே உள்ள கணக்கெல்லாம் சிப்புகளின் கணக்கு. பரிசுக்கு அருகில் வந்துவிட்டால் அது போதாது. மூன்று பேர் மிஞ்சியிருக்கிறார்கள், மூவரிடமும் சமமான சிப்பு, பரிசு 50, 30, 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது உங்கள் பங்கின் மதிப்பு 33.3. ஒருவரை வெளியேற்றிச் சிப்பை இரட்டிப்பாக்கினால் மதிப்பு 66.6 ஆகாது, 43.3 தான் ஆகும். தோற்றால் 20 உடன் எழுந்து போகிறீர்கள். ஆகவே சிப்புக் கணக்கில் 50 சதவீதம் போதும் என்று சொல்லும் ஆல்-இன்னை ஏற்க, இங்கே 57 சதவீதம் வேண்டும். வெவ்வேறு சின்னத்து ஏஸ்-ராஜாவுக்கு எதிராக ராணி ஜோடி வெல்வது கிட்டத்தட்ட அதே 57 சதவீதம்தான்! எதிராளி சீட்டைத் திறந்து காட்டிவிட்டே தள்ளினாலும், உங்கள் ராணிகளுக்கு அங்கே லாபம் ஏறக்குறைய ஒன்றுமில்லை.

கடைசியாக ராஜா ஜோடி. 28 பெரிய பிளைண்டோடு, வழக்கமான டோர்னமெண்டில், அதை நான் கவிழ்ப்பதில்லை. எதிராளியிடம் ஏஸ் ஜோடி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். விதிவிலக்கு சாட்டிலைட் ஆட்டம், அதாவது பெரிய டோர்னமெண்டில் ஆடும் இடங்களையே பரிசாகத் தரும் ஆட்டம். பத்து பேருக்கு ஒரே மதிப்புள்ள இடம், பதினொரு பேர் மிஞ்சியிருக்கிறார்கள், நீங்கள் சிப்பில் இரண்டாமவர், ஒருவரிடம் அடுத்த பிளைண்டுக்கே சிப்பில்லை என்னும்போது, முதலாமவர் ஆல்-இன் போனால் ராஜா ஜோடியை மட்டுமல்ல, ஏஸ் ஜோடியையும் கவிழ்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போகலாம்.