வாகனம் கேள்வி - பதில்: உப்புக்காற்றும் அலாய் வீலும்

கேள்வி: கடலிலிருந்து அரை கிலோமீட்டரில் வீடு. காரோடு வந்த அலாய் வீல், முகம் கடைந்து பளபளப்பாகவும் இடுக்குகள் கருப்பாகவும் இருக்கும். நான்கு வருடத்தில் புழு ஊர்ந்தாற்போல வெள்ளைக் கோடுகள் வந்துவிட்டன. பாலிஷ் போட்டும் போகவில்லை. மறுபடியும் பழைய பளபளப்பு வருமா?
— வாசகர், குளச்சல்

பதில்: பாலிஷ் போட்டால் போகாது. கோடுகள் இருப்பது கிளியர் எனப்படும் நிறமற்ற மேல்பூச்சுக்கு அடியில். இந்த வகை வீலின் முகத்தை லேத்தில் கடைந்து, பெயிண்ட் எதுவும் இல்லாமல் நேரே கிளியர் அடித்திருப்பார்கள். கடைந்த விளிம்பு கத்திபோல் கூராக இருப்பதால் அங்கே கிளியர் மெலிந்து நிற்கும். ஒரு சிறு கல் தெறித்தாலும், டயர் மாற்றும்போது லிவர் பட்டாலும், அந்த இடத்தில் உப்பும் ஈரமும் உள்ளே போய்விடும். பிறகு கிளியரைத் தூக்கிக்கொண்டே அரிப்பு கோடுகோடாக நகரும்.

மறுபடி டைமண்ட் கட் செய்து, அதாவது முகத்தை லேத்தில் புதிதாகக் கடைந்து, தரும் கடைகள் உண்டு. ஒவ்வொரு முறையும் முகத்திலிருந்து கொஞ்சம் உலோகம் போகும் என்பதால் இதைச் சில தடவைதான் செய்ய முடியும். செய்தாலும் அதே கூர் விளிம்பு, அதே கிளியர், அதே கடற்காற்று. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் வண்டி நிற்குமானால் எங்கள் யோசனை ஒன்றுதான்: பளபளப்பை விட்டுவிட்டு, ப்ரைமர், நிறம், கிளியர் என மூன்று அடுக்கில் முழு வீலையும் பெயிண்ட் செய்யுங்கள். அலுமினியத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது ப்ரைமர்தான்.

செய்யும் முறை: டயரைக் கழற்றி, ஒட்டு வெயிட், வால்வு, டயர் பிரஷர் சென்சார் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். சோப்புத் தண்ணீரில் கழுவி, பிரேக் தூளை இரும்புத்தூள் நீக்கும் கிளீனரால் கரைத்தெடுங்கள். பழைய கிளியரை பெயிண்ட் ரிமூவரால் உரியுங்கள். காஸ்டிக் சோடா பக்கமே போகக்கூடாது. அது அலுமினியத்தையே தின்னும். வெள்ளைக் கோடு ஓடிய இடமெல்லாம் வெறும் உலோகம் தெரியும்வரை 180, பிறகு 320 எண் வாட்டர் பேப்பரால் தேய்க்கவும். கோடு முடிந்ததாகத் தெரியும் இடத்துக்கு அப்பாலும் ஒரு செ.மீ. தேய்க்க வேண்டும், கண்ணுக்குத் தெரியாத நுனி அங்கேதான் இருக்கும். கூர் விளிம்புகளை 320 பேப்பரால் லேசாக மழுக்கிவிடுங்கள். இந்தச் சின்ன வேலையைப் பலர் விட்டுவிடுவதால்தான் ஒரே வருடத்தில் கோடு திரும்பி வருகிறது.

கடைசியாக அலசும் தண்ணீரைக் கவனியுங்கள். கடலோரத்தில் போர் தண்ணீரே உவர்ப்பாக இருந்தால், அதில் அலசிப் பெயிண்ட் அடிப்பது உப்பைப் பூட்டிவைப்பதற்குச் சமம். குடிதண்ணீரோ மழைநீரோ போதும். காய்ந்ததும் கிரீஸ் நீக்கும் திரவத்தால் துடைத்து, அதன்பின் கைரேகை படாமல், தேய்த்த அன்றே எபாக்ஸி ப்ரைமர் அடித்துவிடுங்கள். ராத்திரி முழுக்கத் திறந்து வைத்துவிட்டு மறுநாள் அடிக்கக் கூடாது.

16 அங்குல வீல் நான்குக்கு, கலந்த அளவில், ப்ரைமர் அரை லிட்டர், நிறம் ஒரு லிட்டர், ஹார்டனர் (இறுகவைக்கும் திரவம்) சேர்த்த கிளியர் முக்கால் லிட்டர் ஏறக்குறைய சரியாக வரும். ஒவ்வொன்றும் மெல்லிய இரண்டு, மூன்று கோட். இடையில் 10 முதல் 15 நிமிடம். ஆரக்கால்களின் பக்கவாட்டையும் இடுக்குகளையும் முதலில் அடித்துவிட்டு முகத்தைக் கடைசியில் அடித்தால் வழியாது. ஹார்டனரில் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் இருக்கும்; துணி மாஸ்க் அதைத் தடுக்காது. காற்றுக் குழாய் இணைந்த முகமூடி வைத்திருக்கும் பெயிண்டரிடம் கிளியரை மட்டுமாவது கொடுத்துவிடுவது நல்லது.

கேள்வி: பார்க் செய்யும்போது நடைபாதைக் கல்லில் உரசி ஒரு வீலின் விளிம்பு 10 செ.மீ. நீளத்துக்குச் சொரசொரப்பாகிவிட்டது. முழு சில்வர் பெயிண்ட் வீல். டயரைக் கழற்றாமல் வீட்டிலேயே சரிசெய்யலாமா?
— வாசகி, மார்த்தாண்டம்

பதில்: செய்யலாம். வீலை வண்டியிலிருந்து கழற்றிக் கிடையாக வையுங்கள். காற்றை இறக்கிவிட்டு, பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையைப் பட்டையாக வெட்டி, டயருக்கும் விளிம்புக்கும் நடுவில் சுற்றிலும் செருகினால் டயரில் பெயிண்ட் படாது. நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறுகளைத் தட்டை அரத்தால் சமப்படுத்தி 120, 240, 400 என வாட்டர் பேப்பரில் வாருங்கள். தேய்த்தே போய்விடும் கீறலுக்குப் பட்டி வேண்டாம். அதற்கும் மிஞ்சிய குழிக்கு மட்டும், அலுமினியத் தூள் கலந்த எபாக்ஸிப் பட்டி வைத்து, முழுக்க இறுகிய பிறகு தேய்க்கவும். பின்னாளில் பவுடர் கோட்டிங் (பெயிண்ட் தூளை அடித்து அடுப்பில் வேகவைப்பது) செய்யும் எண்ணம் இருந்தால் சாதாரணப் பட்டி கூடாது, அடுப்புச் சூட்டில் விட்டுவிடும்.

சில்வரை ஓர் அட்டையில் அடித்து வெயிலில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்; பழைய வீல் மங்கியிருக்கும். நிறத்தை அடிபட்ட இடத்தோடு கரைத்துவிடலாம், கிளியரை அப்படிச் செய்யக்கூடாது. வீலின் முகம் முழுவதையும் 800 பேப்பரால் மங்கவைத்து முழுக்கக் கிளியர் அடியுங்கள். பாதியில் நிறுத்திய கிளியர் அந்த எல்லையில்தான் உரியத் தொடங்கும்.

கேள்வி: வெளியூர்க் கடையில் நான்கு வீலுக்கும் பவுடர் கோட்டிங் செய்தேன். ஒரு வாரத்தில் நட்டுகள் தளர்ந்திருந்தன. ஒரு டயரில் மெல்லக் காற்றும் இறங்குகிறது. நட்டு பழசானதாலா?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: நட்டைக் குறை சொல்ல வேண்டாம். முதலில் வண்டியை நிறுத்துங்கள். நட்டு உட்காரும் கூம்புக் குழியிலும், வண்டியில் வீல் மாட்டும் ஹப்பில் ஒட்டும் பின்முகத்திலும் கோட்டிங் ஏறியிருக்கும். இறுக்கும்போது கெட்டியாகத் தெரியும். ஓட ஓட அந்தப் படலம் நசுங்கி, இறுக்கம் குறைந்து, நட்டு கழன்றுவரும். அந்த இரண்டு இடங்களிலும் ரிமூவர் தடவி பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்து, வெறும் உலோகமாக்குங்கள். டிரில்லோ கிரைண்டரோ வைத்தால் கூம்பின் சாய்வு மாறிவிடும். தளர்ந்த நட்டோடு ஓடியதால் துளை நீள்வட்டமாகியிருக்கிறதா, போல்ட்டின் மரை தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கவும். துளை நீண்டிருந்தால் அந்த வீலை மறுபடி மாட்டவே கூடாது.

மாட்டும்போது நட்சத்திர வரிசையில், அதாவது எதிரெதிர் நட்டுகளாக, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சால் இறுக்குங்கள். அளவு கார் கையேட்டில் இருக்கும்; பெரும்பாலான சிறிய கார்களுக்கு 85 முதல் 120 நியூட்டன் மீட்டருக்குள் வரும். சுமார் 100 கி.மீ. ஓடியதும் மறுபடி சோதிக்கவும்.

காற்று இறங்குவது எங்கே என்று சோப்புத் தண்ணீரில் பாருங்கள். டயர் உட்காரும் விளிம்பில் நுரை வந்தால், பழைய அரிப்பைச் சுத்தம் செய்யாமல் அதன்மேலேயே பவுடர் அடித்திருக்கிறார்கள். டயரைக் கழற்றி அதை வழவழவென எடுக்க வேண்டும். வால்வடியில் வந்தால் புது வால்வு போதும்.

அடுப்பில் எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம் வைத்தார்கள் என்றும் கேளுங்கள். பவுடர் சாதாரணமாக 180 முதல் 200 டிகிரியில் 10 முதல் 20 நிமிடத்தில் வெந்துவிடும். அலாய் வீலுக்குத் தொழிற்சாலையில் பலம் ஏற்றுவதே ஏறக்குறைய 150, 160 டிகிரியில் பல மணி நேரம் வைத்துத்தான். அதற்கு மேலான சூட்டில் நீண்ட நேரம் கிடந்தாலோ, இரண்டு மூன்று தடவை வேகவைத்தாலோ அந்தப் பலம் குறையும்.

கேள்வி: எங்கள் ஷெட்டில் அடித்த கிளியரில் எப்போதும் தூசியும் ஊசிமுனை ஓட்டைகளும் விழுகின்றன.
— வாசகர், ஆரல்வாய்மொழி

பதில்: தூசிக்குக் காரணம் உங்கள் கணவாய்க் காற்று. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் ஷெட்டின் காற்றுப் பக்கத்தை முழுதாக அடைத்து, தரையை நனைத்துவிட்டு அடியுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை இந்த வேலைக்கு நல்ல காலம். ஓட்டைகளுக்குக் காரணம் பெரும்பாலும் கம்ப்ரஸர் தண்ணீர். டேங்கைத் தினமும் வடித்து, ஸ்ப்ரே கன்னுக்கு முன்னால் நீர்ப்பிடிப்பான் மாட்டுங்கள். அப்படியும் வந்தால், முந்தின கோட் காயும்முன் அடுத்ததைக் கனமாக ஏற்றுகிறீர்கள்.

கேள்வி: பள்ளத்தில் இறங்கி வீலின் உள்விளிம்பில் மயிரிழை விரிசல். வெல்டிங் வைத்துப் பெயிண்ட் அடித்துத் தருகிறேன் என்கிறார்கள்.
— வாசகர், குலசேகரம்

பதில்: வேண்டாம். வெல்டிங் சூட்டில் சுற்றியுள்ள உலோகம் இளகிப் பலமிழக்கும். பெயிண்ட் அதை மறைத்துவிடும். வேறு வீல் வாங்குங்கள்.

கேள்வி: புதுப்பித்த வீலை எப்படிக் கழுவுவது? கழுவுமிடத்தில் ஆசிட் அடிக்கிறார்கள்.
— வாசகி, கன்னியாகுமரி

பதில்: ஆசிட் அடிக்க விடாதீர்கள். கார் ஷாம்பு, மென்மையான பிரஷ், வாரம் ஒருமுறை. கடற்கரையில் நிறுத்திவிட்டு வந்த நாளில் வெறும் நல்ல தண்ணீர் பீய்ச்சினாலே போதும். பிரேக் சூடாக இருக்கும்போது நனைக்க வேண்டாம். புதுப் பெயிண்டில் முதல் இரண்டு வாரம் பிரஷர் வாஷ் கூடாது. வீலைக் கழற்றும் சமயங்களில் ஹப்பின் துருவைக் கம்பி பிரஷால் எடுத்து, நடு வளையத்தில் மட்டும் ஆன்டி-சீஸ் பசையை மெல்லத் தடவுங்கள், போல்ட் மரையில் படக்கூடாது. அடுத்த முறை வீல் ஹப்போடு பிடித்துக்கொள்ளாமல் கையோடு வரும்.